முன் சில்லுக்கு எந்த ஹப் பொருத்தம்: வன்னிப் பாதைகளுக்கான ஓர் ஒப்பீடு

பழைய ஹைலக்ஸ், பஜேரோ, ஜிம்னி போன்ற நான்கு சில்லு ஓட்ட வாகனங்களில் முன் ஹப் (முன் சில்லின் நடுவிலுள்ள இணைப்பு) பழுதானால், மாதிரிக்கேற்ப மூன்று வழிகள் கிடைக்கின்றன: கையால் திருகிப் பூட்டும் ஹப், தானாகப் பூட்டிக்கொள்ளும் ஹப், எப்போதும் பூட்டியே இருக்கும் பிளான்ஜ் என்னும் தகடு. மூன்றின் வேலையும் முன் அச்சுத் தண்டைச் சில்லோடு இணைப்பதுதான். ஆனால் செம்மண் புழுதியிலும், காலபோக மழையில் ஊறிய களிமண்ணிலும், முல்லைத்தீவுக் கரையோர உப்பு மணலிலும் மாறி மாறி ஓடும் வாகனத்துக்கு இவை ஒரே மாதிரி உழைப்பதில்லை.

தானியங்கி ஹப் ஓட்டுநருக்குச் சுகமானது. நெம்புகோலை நான்கு சில்லு ஓட்டத்துக்கு மாற்றியதும் தண்டு சுழலத் தொடங்கி, உள்ளேயுள்ள பற்கள் தாமாகக் கோத்துக்கொள்ளும். விடுவிப்பதற்கு, இரண்டு சில்லு ஓட்டத்துக்கு மாற்றிச் சிறிது தூரம் பின்னால் ஓட்ட வேண்டும். சேற்றில் புதைந்த வாகனத்தை முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கும் நேரத்தில், திசை மாறும் ஒவ்வொரு முறையும் அது விட்டுப் பிடிக்கக்கூடும் என்பதுதான் சிக்கல். நமக்கு நான்கு சில்லும் தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான். கிறீஸ் தடித்தாலோ உள்ளே மண் புகுந்தாலோ அது பூட்டவே மறுப்பதும் உண்டு. ஜிம்னியின் சில மாதிரிகளில் உள்ள, காற்றுறிஞ்சு குழாயால் இயங்கும் ஹப்புக்கு இன்னொரு தொல்லை இருக்கிறது: குழாய் வெடித்தாலோ கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்தாலோ, ஹப் நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. ஆகவே பழுதான தானியங்கி ஹப்புக்குப் பதிலாக அதே வகையைத் தேடி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கையால் பூட்டும் ஹப்பில் பாகங்கள் குறைவு; பூட்டியிருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இறங்கித் திருக வேண்டும் என்பதே அதன் மீதுள்ள பெரிய குறை. யானை நடமாடும் காட்டுப் பாதையில் மம்மல் பொழுதில் இறங்கிக் குனிந்து நிற்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் ஹப்பைப் பூட்டியபடியே இரண்டு சில்லு ஓட்டத்தில் தார் வீதியில் போவதால் கேடு ஒன்றும் இல்லை. ஆகவே மழைக்காலத்தில் வீட்டிலேயே பூட்டிவிட்டுப் புறப்படலாம். இரு பக்கத்தையும் பூட்டுவது கட்டாயம், ஏனெனில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தால், இரு பக்கத்துக்கும் விசையைப் பகிரும் சாதாரண டிஃபரென்ஷியல் அந்தப் பக்கத் தண்டை வெறுமனே சுழற்றும், முன் சில்லுகளுக்கு இழுவையே கிடைக்காது.

பிளான்ஜ் மூன்றிலும் எளியது. திருகும் குமிழ் இல்லாததால் தண்ணீர் புகும் வழி ஒன்று குறைகிறது. அன்றாடம் குளக்கட்டு வழியாகவும் வாய்க்கால் குறுக்காகவும் வேலை செய்யும் வாகனத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். அதற்கு விலையாக முன் தண்டுகளும் டிஃபரென்ஷியலும் எந்நேரமும் சுழன்று தேய்கின்றன. டீசல் மிச்சத்துக்காகவே ஹப்பை விடுவிக்க வேண்டும் என்பார்கள். அந்த மிச்சம் சிறிதுதான். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: ஒட்டுசுட்டானுக்கு அப்பால் முன் தண்டு முறிந்தால், கையால் பூட்டும் ஹப்புகளை விடுவித்துப் பின் சில்லுகளின் பலத்தில் மெதுவாக வீடு சேர வாய்ப்புண்டு, பிளான்ஜ் என்றால் அதை அங்கேயே கழற்ற வேண்டியிருக்கும். நிரந்தர நான்கு சில்லு ஓட்டமுள்ள வாகனங்களுக்கு இந்தத் தெரிவே கிடையாது; அவற்றுக்குப் பிளான்ஜ்தான்.

வீட்டில் செய்யும் வேலையிலும் வேறுபாடு இருக்கிறது. பிளான்ஜையும் கையால் பூட்டும் ஹப்பையும் மாற்றுவது ஏறக்குறைய ஒரே வேலை: நட்டுகளைத் தளர்த்தி, கூம்பு வளையங்கள் விடுபடும்படி பித்தளைத் தண்டால் தட்டி, அச்சுத் தண்டின் நுனியிலுள்ள வளையப் பூட்டைக் கழற்றினால் போதும். திரும்பப் பொருத்தும்போது அச்சுத் தண்டின் நுனித் துளையில் ஒரு போல்ட்டைத் திருகி இழுத்துப் பிடித்தால் அந்த வளையப் பூட்டு சுலபமாக அமரும். தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாறும்போது வேலை கூடுகிறது, ஏனெனில் பல மாதிரிகளில் தானியங்கி ஹப்பின் ஒரு பகுதி பெயாரிங் நட்டோடு சேர்ந்திருக்கும். ஆகவே புதிய நட்டும் பூட்டு வளையமும் உள்ள முழுத் தொகுதியையே கேட்டு வாங்க வேண்டும்.

அந்த நட்டைத் தொட்டால் பெயாரிங் இறுக்கத்தையும் சரிசெய்தாக வேண்டும். ஹைலக்ஸில் அதற்கு 54 மில்லிமீற்றர் சொக்கெட் தேவை; உளியும் சுத்தியலும் கொண்டு திருகினால் நட்டின் விளிம்பு சிதையும். சுழற்றியபடி இறுக்கி, பின்பு தளர்த்தி, மீண்டும் மெல்ல இறுக்கியபின், சில்லுப் போல்ட்டில் வில் தராசைக் கொளுவி, எவ்வளவு இழுத்தால் ஹப் நகரத் தொடங்குகிறது என்று கையேட்டின் அளவோடு ஒப்பிட வேண்டும். மீன் நிறுக்கும் தராசு சரியாகக் காட்டினால் அதுவே போதும். பெயாரிங்குக்குள் கிறீஸை நன்றாக அழுத்தி நிரப்பலாம், ஆனால் பூட்டும் பற்களுக்கு மெல்லிய பூச்சுதான் வேண்டும். ஓடிச் சூடான ஹப் குளத்து நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும். மாரி முடிந்தபின் திறந்து பார்க்கையில் கிறீஸ் பால்போல் வெளுத்திருந்தால், எந்த வகை ஹப்பாயினும் சீலை மாற்றி, பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, புதிதாகக் கிறீஸ் இட வேண்டும்.