ரெக்கார்டில் மறுபடி வந்த 'டென்னசி'

அமெரிக்கக் கறுப்பின ஹிப்-ஹாப் குழுவான அரெஸ்டெட் டெவலப்மென்ட்டின் முதல் ஆல்பம் 1992-ல் வந்தது. 'த்ரீ இயர்ஸ், ஃபைவ் மன்த்ஸ் அண்ட் டூ டேஸ் இன் த லைஃப் ஆஃப்...' என்று நீளமான பெயர். ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தம் கிடைக்கிறவரை அவர்கள் அலைந்த காலக்கணக்கு அது. அடுத்த வருஷமே இரண்டு கிராமி விருது வாங்கினார்கள். இத்தனை காலம் போனில் கேட்டதை இப்போது மறுபதிப்பு ரெக்கார்டாக வாங்கிவிட்டேன்.

நாங்கள் இருப்பது அம்மாப்பேட்டை. கீழ்வீட்டில் விசைத்தறி ஓடும்போது போட்டால் பேஸ் (பாட்டின் அடித்த தாழ்ந்த ஒலி) எது, தறி எது என்றே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தறி நின்றதும் ஊசியை வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆல்பம். ஒரே தட்டில் அடைத்தால் ஊசி ஓடும் பள்ளங்கள் நெருங்கி பேஸ் மெலிந்துபோகும். என்னிடம் இருப்பது இரண்டு தட்டு. டிரம்மின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறது. 'டென்னசி' பாட்டு முடிகிற இடத்தில் பாடகி டியோன் ஃபாரிஸ் குரலெடுத்துப் பாடும்போது அறையே நிறைந்துவிடுகிறது.

பாட்டியையும் அண்ணனையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்துவிட்டு, குழுவின் தலைவரான ராப்பர் ஸ்பீச் எழுதிய பாட்டு அது. கடவுளிடம் வழி கேட்டுக்கொண்டே தன் பாட்டியின் ஊருக்குப் போகிறார்; முன்னோர்களைத் தூக்கில் தொங்கவிட்ட மரங்களில் ஏறுகிறார். எங்கள் ஆயா ஏற்காட்டு மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காலமெல்லாம் காப்பிப் பழம் பறித்தவர். அவர் போன பிறகு அங்கே போய் நின்றேன். சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக் கொடி, எல்லாம் ஆயா கைபட்டவை. அந்த நிலத்தில் ஒரு சென்ட்கூட எங்களுக்கு இல்லை. இந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அந்த மேடுதான் கண்ணில் நிற்கும்.

'மிஸ்டர் வெண்டல்' தெருவில் வாழும் ஒரு மனிதரைப் பற்றியது. சில்லறை கொடுத்துவிட்டு நகராமல், நின்று அவர் பேச்சைக் கேட்கிற பாட்டு. அறுபது வயது பாபா ஓஜேவையும் உறுப்பினராக வைத்திருந்த குழுவுக்குத்தான் இந்தப் பணிவு வரும்.

ஆனால் 'பீப்பிள் எவ்ரிடே' எனக்கு இன்னும் உறுத்துகிறது. வெண்டலுக்குக் கொடுத்த காதை, பூங்காவில் குடித்துவிட்டு வம்பு செய்யும் பையன்களுக்கு ஸ்பீச் கொடுக்கவில்லை. தன்னை உயர்த்தி அவர்களை ஒதுக்கிவிடுகிறார். மெட்டு அவ்வளவு இனிமையாக இருப்பதால் அது சட்டென்று தெரியாது.

ரெக்கார்டின் உள்உறை வெறும் காகிதம், தூசி ஒட்டுகிறது. ஒவ்வொரு பக்கத்தையும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டுப் போடுங்கள். சூட்கேஸ் மாதிரி பிளேயர் மட்டும் வைத்திருப்பவர்கள் முதலில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள், ரெக்கார்டு அப்புறம்.