சென்சிடிவ் சருமத்துக்கு எது: தேங்காய் எண்ணெய் சோப்பா, ஆலிவ் எண்ணெய் சோப்பா?

வீட்டில் சோப்பு செய்கிறவர்களிடம் எது மென்மையானது என்று கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். என் ஓட்டு ஆலிவ் எண்ணெய்க்கு.

தலைக்குத் தேய்க்க இதமான தேங்காய் எண்ணெய், சோப்பானதும் குணம் மாறிவிடுகிறது. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதனால் உப்புத் தண்ணீரிலும் நுரை அள்ளும்; ஆனால் அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் வழித்தெடுத்துவிடும். குளித்துத் துவட்டியதும் கன்னம் இழுத்துப் பிடிக்கிறதே, அது இதனால்தான். தணிக்க வழியுண்டு. 500 கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாக, 91 கிராம் காஸ்டிக் சோடா என்ற கடுங்காரம் வேண்டும். 73 கிராமோடு நிறுத்தினால் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் அப்படியே தங்கும். கை கழுவ அருமையான சோப்பு. எளிதில் சிவக்கும் முகத்துக்கு நான் தரமாட்டேன்.

ஆலிவ் எண்ணெயில் மிகுதி ஒலியிக் அமிலம். அதன் சோப்பு தோலை அவ்வளவு வறட்டுவதில்லை. ஆனால் நுரை பொங்காது. புதுக்கட்டி, வெண்டைக்காய் நறுக்கிய கையைப்போல வழவழக்கும். பலர் இங்கேதான் வெறுத்துப்போகிறார்கள். தேங்காய் எண்ணெய்க் கட்டி நான்கு வாரத்தில் குளிக்கத் தயார். ஆலிவ் கட்டியை ஆறு மாதமாவது நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். சிரியாவின் அலெப்போவில் ஆலிவ், லாரல் எண்ணெய்களில் காய்ச்சும் சோப்பையும் மாதக்கணக்கில் அடுக்கி உலர்த்துகிறார்கள். அந்தக் கைவினையை யுனெஸ்கோ 2024இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆலிவ் எண்ணெயின் விலைதான் இடிக்கிறது. அதனால் நான் சொல்லும் கலவை: ஆலிவ் 350 கிராம், தேங்காய் எண்ணெய் 100, விளக்கெண்ணெய் 50, காஸ்டிக் சோடா 68, தண்ணீர் 140. எல்லாவற்றையும் டிஜிட்டல் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். டம்ளர் அளவு ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காஸ்டிக்கைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. எவர்சில்வர் பாத்திரம் சரி, அலுமினியத்தை அது அரித்துவிடும்.

காஸ்டிக்கைத் தொட அஞ்சுகிறவர்கள் கிளிசரின் பேஸ் என்ற ஆயத்த சோப்புக் கட்டியை வாங்கி உருக்கி அச்சில் ஊற்றலாம். மென்மை அந்தப் பேஸைப் பொறுத்தது. லேபிளில் தோலை உறுத்தக்கூடிய நுரைப்பொருளான சோடியம் லாரில் சல்பேட் இருந்தால் வாங்காதீர்கள்.

எதைச் செய்தாலும் வாசனை எண்ணெய் வேண்டாம். லாவெண்டரும் எலுமிச்சைப்புல்லும் இயற்கைதான். ஆனாலும் ஒவ்வாமையைக் கிளப்பும்.

எந்த எண்ணெயில் செய்தாலும் உண்மையான சோப்பின் பிஎச், அதாவது காரத்தன்மையின் அளவு, 9, 10 என்றுதான் நிற்கும். தோலுடையதோ ஐந்தை ஒட்டியது. எலுமிச்சைச் சாறு விட்டு அதை இறக்க முயன்றால் சோப்புதான் கெடும். ஆகவே எக்ஸிமா என்ற தோல் அழற்சியால் வெடித்துக் கசியும் தோலுக்கு என் ஆலிவ் கட்டியையும் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குத் தோல் மருத்துவர் எழுதித்தரும் சோப்பில்லா கிளென்சரே ஏற்றது.