தண்டையார்பேட்டை மகளிர் மருத்துவமனை ஒன்றில் எண்டோமெட்ரியோசிஸ் சிகிச்சை

என் தங்கைக்குப் பதினாறு வயதிலிருந்தே மாதவிடாய் நாட்களில் தாங்க முடியாத வயிற்றுவலி. முன்பு காட்டிய இடத்தில், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று சொல்லி வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லால் ஏழு ஆண்டுகள் வீணாயின. சென்ற தை மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய மகளிர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இடப்பக்கச் சினைப்பையில் சாக்லேட் கட்டி (பழைய இரத்தம் தேங்கிய நீர்க்கட்டி) இருப்பதை ஸ்கேனில் பார்த்த பெண் மருத்துவர், இது எண்டோமெட்ரியோசிஸ் என்றார்.

இந்த இடத்தை நான் மனதாரப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அதன்பின் அவர் எங்களுக்காக ஒதுக்கிய அரை மணி நேரம். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு வெளியே வளர்வதே இந்நோய் என்பது வரை நானே படித்திருந்தேன். அது ஏன் அடங்குவதில்லை என்று தங்கை கேட்டபோது, மருந்துச்சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கினார். அந்தத் திசு சினைப்பை தரும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை மட்டும் நம்பியிருப்பதில்லை. அரோமட்டேஸ் என்ற நொதியைக் கொண்டு தானும் தயாரித்துக்கொள்கிறது. அதில் பீட்டா வகை ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் (ஹார்மோனின் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) அளவுக்கு மீறிப் பெருகியிருப்பதால் அழற்சி கூடுகிறது. அழற்சியில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வலியைத் தருவதோடு அரோமட்டேஸையும் மீண்டும் தூண்டிவிடுகிறது. இதை அடக்க வேண்டிய புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனுக்கோ அங்கே ஏற்பிகள், குறிப்பாக பி வகை, குறைந்துவிடுகின்றன. "தபால்காரர் தினமும் வந்து கதவைத் தட்டினாலும், கையெழுத்துப் போட்டு வாங்க வீட்டில் ஆளில்லை என்றால் கடிதம் திரும்பித்தானே போகும்? அந்த மாதிரிதாம்மா" என்றார். அந்தச் சீட்டைத் தங்கை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம், தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார். அதுவும் புரோஜெஸ்ட்ரோன் வகைதானே, ஏற்பி குறைந்த இடத்தில் எப்படி வேலை செய்யும் என்று நான் கேட்டதற்கு முகம் சுளிக்கவில்லை. மிச்சமிருக்கும் ஏற்பிகள் வழியாகத் திசுவைக் கட்டுப்படுத்துவதோடு சினைப்பையின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பையும் குறைக்கும் என்றும், ஆயினும் எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்காது, நிறுத்தினால் வலி திரும்பலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். தொடக்கத்தில் இடையிடையே உதிரப்போக்கு இருக்கும் என்று எச்சரித்திருந்ததால், அது வந்தபோது நாங்கள் பதறவில்லை. மாதந்தோறும் மூன்று நாள் விடுப்பு எடுத்தவள், மூன்றாம் மாதத்திலிருந்து ஒரு நாளும் எடுக்கவில்லை.

குறையும் உண்டு. வலியோடு வரும் பெண்களுக்கான இடத்தில் ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் மாடியில் இருப்பதை நிர்வாகம் உடனே மாற்ற வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் போனால் இரண்டு மணி நேரம் காத்திருக்க நேரும். காலையிலேயே டோக்கன் வாங்கிவிடுங்கள்.