சொல்லிச் செய்த ராக் விமானமா, பழைய 747-ஆ?

கோவை கணபதியில் இருக்கும் எங்கள் பட்டறைக்குப் போன வருடம் ஒரு மெஷின் தேவைப்பட்டது. பம்ப் பாடிக்கு மட்டும் என்று எஸ்.பி.எம். (ஒரே வேலைக்கென்று செய்யும் மெஷின்) ஒன்றைச் சொல்லிச் செய்வதா, பல வேலைக்கும் ஆகிற பழைய வி.எம்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) வாங்குவதா? ஒரு மாதம் அல்லாடிவிட்டுப் பழையதைத்தான் இறக்கினேன். அப்போது அக்கா மகன் செல்போனை நீட்டினான்: "மாமா, இவங்களும் உங்களாட்டம் மண்டைய ஒடச்சிருக்காங்க பாருங்க."

ஸ்ட்ராட்டோலாஞ்ச், வர்ஜின் ஆர்பிட் என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் கையில் எடுத்தது, ராக்கெட்டை விமானத்தில் தூக்கிப்போய் மேலே விடுகிற வேலை. ஏவுதளம் வேண்டாம், மழை மேகத்தைத் தாண்டிப் போய்விடலாம். அதில் இரண்டு பேருக்கும் பேதமில்லை.

ஸ்ட்ராட்டோலாஞ்சின் ராக், நம் எஸ்.பி.எம். ஜாதி. இரட்டை உடம்பு, ஆறு எஞ்சின், 28 சக்கரம், இறக்கை 117 மீட்டர். 2017-ல் கலிஃபோர்னியாவின் மொஹாவியில் கொட்டகையை விட்டு வெளியே இழுத்து டீசல் டேங்க் பார்ப்பதுபோல் எரிபொருள் தொட்டி பார்த்தார்கள், எஞ்சினை ஓட்டினார்கள், பிறகு ஓடுபாதையில் படிப்படியாக வேகம் கூட்டினார்கள். 2019 ஏப்ரல் 13-ல்தான் பறந்தது. இரண்டரை மணி நேரம், 17,000 அடி. தொட்டபெட்டா மேல் இன்னொரு தொட்டபெட்டாவை வைத்த மாதிரி.

வர்ஜின் ஆர்பிட் வேறு வழி போனது. பயணிகளை ஏற்றி ஓய்ந்த போயிங் 747 ஒன்றை வாங்கி, இடது இறக்கையில் ராக்கெட்டை மாட்டியது. பழுதான எஞ்சினை ஐந்தாவதாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோக போயிங் முன்பே வலுவாக வைத்திருந்த இடம் அது. இந்த ஒரு சங்கதிக்கே என் ஓட்டு 747-க்கு. 2021 ஜனவரியில் அவர்கள் ராக்கெட் சுற்றுப்பாதையைத் தொட்டும் விட்டது.

எனக்கு முக்கியம் ஸ்பேர். என் வி.எம்.சி.யில் ஸ்பிண்டில் பேரிங் போனபோது ஒரு மணி நேரத்தில் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து சேர்ந்தது. உலகத்தில் 1,574 போயிங் 747 செய்திருக்கிறார்கள். ராக் ஒன்றே ஒன்று. ராக்கைச் செய்தவர்களுக்கும் இது தெரியாமலில்லை. எஞ்சின், சக்கரக்கால் எல்லாம் இரண்டு பழைய 747-லிருந்து கழற்றியவைதான். ஆனால் அந்தக் கார்பன் இறக்கையில் விரிசல் விட்டால் எந்த உக்கடம் பழைய இரும்புக் கடையில் போய்த் தேடுவது?

அடுத்தது, திரும்ப விற்றால் கிடைக்கிற விலை. ராக்குக்குப் பணம் போட்ட பால் ஆலன் 2018-ல் இறந்தார், கம்பெனி கைமாறியது. ராக் இதுவரை ஒரு ராக்கெட்டையும் சுற்றுப்பாதைக்கு அனுப்பவில்லை. இப்போது ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் போகும் டாலன் என்ற சோதனை வாகனத்தைத் தூக்குகிறது. வேலை மாறினாலும் சும்மா நிற்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சுமையிலும் ராக்குக்கு ஈடில்லை: 250 டன். 747-ல் மாட்டிய ராக்கெட் அதில் பத்தில் ஒரு பங்குதான்.

வர்ஜின் ஆர்பிட்டும் பிழைக்கவில்லை, 2023-ல் திவால். ஆனால் அந்த 747 உடனே 1.7 கோடி டாலருக்குப் போனது. வாங்கியது யார் தெரியுமுங்களா? ராக் வைத்திருக்கும் அதே ஸ்ட்ராட்டோலாஞ்ச்!

என் மெஷினை நான் இன்னும் விற்றுப் பார்த்ததில்லை, ஒரு வருடம்தானே ஆகிறது. போன வாரம் பீளமேட்டுக்காரர் ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொடுக்கறதா இருந்தா சொல்லுங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.