பொட்டலத்துடன் பிடிபட்டவனுக்குச் சிறையா, சிகிச்சையா?

வேதாரண்யம், கோடியக்கரைக் கடலோரத்தில் இலங்கைக்குக் கடத்துவதற்காகப் பதுக்கிய கஞ்சா மூட்டைகள் சிக்கிய செய்தியும், மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ சட்டைப்பையில் ஒரு பொட்டலத்துடன் இளைஞன் கைதான செய்தியும் நாளிதழின் ஒரே பக்கத்தில் வருகின்றன. மூட்டைக்காரனைக் கடுமையாகத் தண்டிப்பதில் எனக்கு மறுப்பில்லை. பொட்டலத்துடன் பிடிபட்டவனை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு வழிகளை ஒப்பிட வேண்டியிருக்கிறது.

முதல் வழி சிறை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 2001 திருத்தத்துக்குப் பிறகு அளவைப் பொறுத்துத் தண்டனையைப் பிரிக்கிறது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டுகள். ஏட்டில் இது நியாயமான பிரிவினைதான். ஆனால் டெல்டா இளைஞனுக்குத் தண்டனையைவிட வழக்கே பெரிய இடி. திருவாரூர், நாகை, தஞ்சைப் பக்கத்தில் சம்பா பொய்த்தால் குடும்பத்துக்கு இருக்கும் ஒரே பிடிமானம் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போன பிள்ளை அனுப்பும் பணம். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் கிடைக்காமல் போகலாம். நீதிமன்ற அனுமதிக்காக அலைய வேண்டும். ஒரு பொட்டலம், பிடிபட்டவனின் ஆறு மாதத்தை மட்டுமல்ல, அவன் தங்கையின் கல்யாணத்தையும் சேர்த்து முடக்கிவிடுகிறது. சிறைக்குள்ளோ, வெளியில் அவன் பார்த்தே இராத மொத்த வியாபாரி அறிமுகமாகிறான்.

கெடுபிடி கூடினால் போதை குறைந்துவிடும் என்ற நம்பிக்கையும் முழுமையானதன்று. கெடுபிடி கூடினால், மறைக்க எளிதான போதைக்கு ஆட்கள் மாறலாம்: கஞ்சா மணக்கும், இடத்தை அடைக்கும், மாத்திரைக்கு மணமில்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடந்த காலத்தில், கடத்த எளிதான கடும் சாராயம் பீரின் இடத்தைப் பிடித்தது. நம் ஊர்களில் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பரவுவதை அந்த அனுபவத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன். பகிர்ந்துகொள்ளும் ஊசி எச்ஐவியையும் கல்லீரல் அழற்சியையும் கூடவே கொண்டுவருகிறது.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. 1985 சட்டத்தின் உரிம நடைமுறைகளும் தண்டனை அச்சமும் அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபினையே மருத்துவமனைகளிலிருந்து விரட்டின. ஆண்டுக்கு 700 கிலோவுக்கு மேல் இருந்த அதன் பயன்பாடு, 1997க்குள் 20 கிலோவுக்கும் கீழே சரிந்தது. போதையோடு எந்தத் தொடர்பும் இல்லாத புற்றுநோயாளிகள், தணிக்க முடிந்த வலியோடு திண்ணையிலும் கயிற்றுக் கட்டிலிலும் கிடந்து இறந்தார்கள். 2014இல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் போன்ற இன்றியமையாத மருந்துகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதிமுறைக்கு வழி செய்தது. அந்த நோயாளிகள் பட்ட வலி, எந்தக் கணக்கிலும் எழுதப்படாத தண்டனை.

இரண்டாம் வழி சிகிச்சை. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை என்பதே பலருக்குத் தெரியாது. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறிய அளவு வழக்கில் சிக்கிய அடிமைநோயாளி தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. 39ஆம் பிரிவின்படி நீதிமன்றமும் சிகிச்சைக்காக விடுவிக்கலாம். போர்ச்சுகல் 2001இலேயே பத்து நாள் பயன்பாட்டளவு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, பிடிபட்டவரை மூவர் குழுவின் முன் நிறுத்தி மருத்துவத்துக்கு ஆற்றுப்படுத்தியது; சிகிச்சை வசதியையும் கூடவே பெருக்கியது. வசதி போதிய அளவு வளருமுன் தண்டனையை மட்டும் தளர்த்திய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், 2021இல் தொடங்கியதை 2024இல் திரும்பப் பெற நேர்ந்தது. ஆகவே சிறைக் கதவை மூடிவிட்டு மருத்துவமனைக் கதவைத் திறக்காதிருப்பது இன்னொரு தவறு.

நான் சிகிச்சையின் பக்கம் நிற்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்புப் படுக்கைகளும் மனநல மருத்துவரும் உறுதியாக இருக்க வேண்டும். 64-ஏ பிரிவு கைதாகும் நாளிலேயே அந்த இளைஞனுக்கும் அவன் தாய்க்கும் தமிழில் படித்துக் காட்டப்பட வேண்டும். ரிமாண்டுக்குப் பிறகு வக்கீல் சொல்லித் தெரிந்துகொள்வதற்குள் அவன் சிறைக்குள் போயிருப்பான்.