கொத்தனார் படுத்துவிட்டால்: காப்பீட்டு அட்டையா, சகாக்களின் வசூலா?

கடலூர்ப் பக்கம் ஒரு கொத்தனாரோ எலக்ட்ரீஷியனோ நோயில் விழுந்தால், சுற்றியிருப்பவர்கள் முதலில் இறங்குவது வசூலில்தான். சித்தாள் முதல் மேஸ்திரி வரை ஆளுக்கு நூறு, இருநூறு. சான்றிதழ் கேட்காமல் அன்று மாலையே கைக்கு வரும் பணம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வேறு ரகம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் அது மருத்துவமனைக்குப் போகும் பணம். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில் மட்டும். வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. அலுவலகம், அப்புறம் கலெக்டர் ஆபீஸ் என்று அலைச்சலும் உண்டு. உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டையை எடுத்துவிடுவது நல்லது.

இந்த அட்டை நின்றுபோன தினக்கூலியைத் தராது. வீட்டு வாடகை, புதுச்சேரி ஜிப்மருக்குப் போய்வரும் பஸ் செலவு, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, அடகில் இருக்கும் டிரில் மெஷின்: வசூல் பணம் இங்கேதான் பேசும். அதைத் தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணமாகக் கட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்பதுதான் பெரிய தப்பு.

டயாலிசிஸ் மாதிரி நீளும் வைத்தியத்துக்கு வசூலை நம்பவே கூடாது. முதல் மாதம் எல்லாரும் தருவார்கள். மூன்றாவது மாதம் போனையே எடுக்க மாட்டார்கள். அவர்களுக்கும் கூலி வேலைதானே! அதனால் என் ஓட்டு, சிகிச்சைக்கு அட்டை, அடுப்புக்கு வசூல். அந்தப் பணத்தையும் மொத்தமாகக் கொடுக்காமல் வாரா வாரம் வீட்டில் கொடுங்கள்.