9 எம்.எம்., .45: இரண்டையும் பல வருடம் சுட்டுப் பார்த்ததில்

ஹூஸ்டனில் இருந்த காலம் முழுக்க வீட்டில் ஒரு க்ளொக் 19 கைத்துப்பாக்கி வைத்திருந்தேன். சன்னத்தின் விட்டம் 9 எம்.எம்., ரவைக் கூட்டுக்குள் 15 ரவை. மச்சானிடம் இருந்தது .45 (இது அங்குலக் கணக்கு), பழைய 1911 வகைக் கைத்துப்பாக்கி, கூட்டுக்குள் 7 ரவை. இரண்டையும் மாறி மாறிச் சுட்டிருக்கிறோம், மாறி மாறிச் சண்டையும் பிடித்திருக்கிறோம். ஊரோடு வந்து கொக்குவிலில் இருக்கிற இப்போது என்னிடம் துவக்கு எதுவும் இல்லை. இங்கே 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம் இன்னும் இருக்கிறது. வன்னியில் பன்றிக்குத் துவக்கு வைத்திருக்கிற கமக்காரரும் அனுமதிப்பத்திரத்தோடுதான் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் பேப்பரில் வாள்வெட்டுச் செய்தி வந்தால் போதும், தம்பியின் மகன் தொடங்கிவிடுவான்: "பெரியப்பா, உங்கட 9 எம்.எம். ஒரு ஆளை விழுத்துமோ, இல்லாட்டி மச்சான்ர .45 தான் விழுத்துமோ?"

இரண்டும் விழுத்தும், இரண்டும் விழுத்தாமலும் விடும். சண்டைக் காலத்தைக் கண்ட நாங்கள் சன்னக் காயம் என்றவுடன் ரி-56 ரைபிளைத்தான் நினைக்கிறோம். அது செக்கனுக்கு 700 மீற்றருக்கு மேல் போகிற சன்னம். குழல் வாயை விட்டு வரும்போது அதன் சக்தி ஏறத்தாழ 2000 ஜூல். 9 எம்.எம்.மும் .45உம் 500 ஜூலைச் சுற்றித்தான் நிற்கும். ஒன்று 8 கிராம், வேகமாகப் போகும். மற்றது கிட்டத்தட்ட 15 கிராம், ஆறுதலாகப் போகும். கைத்துப்பாக்கிச் சன்னம் தான் நேரே தொட்டதைத்தான் கிழிக்கும். சுற்றியுள்ள தசை ஒரு கணம் விரிந்து பழையபடி சேர்ந்துவிடும். ஆகவே எதைத் தொட்டது என்பதுதான் கேள்வி. இதயத்திலேயே பட்டாலும் மூளையில் மிஞ்சியிருக்கிற ஒட்சிசன் பத்துப் பதினைந்து செக்கனுக்குப் போதும். அந்த நேரத்துக்குள் ஒருவன் எவ்வளவோ செய்துவிடலாம். உடனே விழுத்துவது மூளையும் முள்ளந்தண்டின் மேல்பகுதியும்தான்.

இந்த ரவைச் சண்டை பெரிதாகியது 1986 ஏப்ரல் 11ஆம் திகதி மயாமியில் நடந்த சம்பவத்தோடு. எஃப்.பி.ஐ. ஆட்கள் 8 பேர், எதிரே கொள்ளைக்காரர் இரண்டு பேர். கொள்ளைக்காரரில் ஒருவனான மைக்கல் பிளாட் என்பவனுக்குத் தொடக்கத்திலேயே ஒரு 9 எம்.எம். சன்னம் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போனது. நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு அதிகாரிகள் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். பழி ரவையின் மேல் விழுந்தது. 10 எம்.எம். வந்தது, அப்புறம் 1990இல் .40 வந்தது. கால் நூற்றாண்டு சுற்றிவிட்டு எஃப்.பி.ஐ. திரும்பவும் 9 எம்.எம்.முக்கே வந்து சேர்ந்தது. இடையில் சன்னம் செய்கிற முறை திருந்திவிட்டது. அதைவிட, உதைப்புக் குறைந்த துவக்கால் தங்கள் ஆட்கள் வேகமாகவும் சரியாகவும் சுடுகிறார்கள் என்பதையும் கண்டுகொண்டார்கள்.

அதை நாங்கள் சூட்டுப் பயிற்சி ரேஞ்சிலேயே பார்த்தோம். ஏழு மீற்றரில் கடதாசி இலக்கு. மச்சானின் முதல் வெடி எப்போதும் நடு நெஞ்சில். அதில் குறை சொல்ல ஏலாது, மனிசன் நல்லாய்ச் சுடுவார். இரண்டாவது வெடிக்குத்தான் பிரச்சினை. குழல் மேலே எழும்பித் திரும்பக் கீழே வந்து குறி நிற்கும்வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் சன்னம் தோளுக்கு ஏறிவிடும். என் 9 எம்.எம்.மில் அந்த இடைவெளி குறைவு. மூன்று ஓட்டையும் ஒரு உள்ளங்கையால் மூடக்கூடிய இடத்துக்குள் விழும். இன்னொன்று, .45 ரவை விலை கூட. விலை கூடினால் சுடுவது குறையும், சுடுவது குறைந்தால் கை மறந்துவிடும். மனைவி .45ஐ ஒருதரம் சுட்டுவிட்டு மேசையில் வைத்தவள்தான், பிறகு தொடவேயில்லை. ஒன்பதை அவளும் பழகினாள்.

கடதாசி திருப்பிச் சுடாது என்பது வேறு கதை. நியூயோர்க் பொலிசாரின் 1998 முதல் 2006 வரையான பதிவுகளை ரான்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தது. எதிராளியும் சுட்ட சம்பவங்களில் அவர்களுடைய வெடிகளில் 18 வீதம்தான் பட்டிருக்கிறது. பயிற்சி எடுத்த பொலிசாருக்கே இந்த நிலை. மிச்சம் எல்லாம் எங்கே போயிருக்கும்? ஹூஸ்டன் வீட்டு அறைச்சுவர் எங்கள் கல்வீட்டுச் சுவர் இல்லை, ஜிப்சம் பலகை. தப்பின சன்னம் பக்கத்து அறைக்குள் போய்விடும். அங்கே பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

சரி, ரவை முக்கியமே இல்லையா? ஓரளவுக்கு முக்கியம். தசைக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்கிற ஜெலற்றின் கட்டியில் 30 முதல் 45 சென்ரிமீற்றர் வரை போக வேண்டும் என்பது எஃப்.பி.ஐ. வைத்த அளவு. அந்த அளவுக்குள் நிற்கிற, பட்டதும் விரிகிற வாய் குழிந்த சன்னம் எதுவானாலும் எனக்குச் சரி. ஸ்பீர் கோல்ட் டொட், பெடரல் எச்.எஸ்.டி. என்ற அப்படியான இரண்டு வகையையும் மாறி மாறி வைத்திருந்தேன், இரண்டும் என் துவக்கில் ஒருநாளும் சிக்கினதில்லை. பழைய வகைச் சன்னங்களில் தடித்த உடுப்புத் துணி குழிக்குள் அடைத்து, விரியாமலே போய்விடும். இவற்றை நான்கு மடிப்பு டெனிமுக்குள்ளாலும் சுட்டுப் பார்க்கிறார்கள். பழகுவதற்கு வாங்கினது அதே 124 கிரெய்ன் (8 கிராம்) எடையில் மலிவான, விரியாத முழு உறைச் சன்னம்.

பெட்டியில் எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது. துவக்கைத் துடைக்கிறதுக்காக ஒவ்வொரு முறையும் அதே ரவையை வெளியே எடுத்துத் திரும்ப ஏற்றினால், சன்னம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோதுக்குள் அமிழும். புது ரவைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் கட்டையாகத் தெரியும். அதைச் சுட்டால் உள்ளே அமுக்கம் எகிறும், துவக்கே உடையலாம். நான் அடிப்பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைப்பேன். கோடு கண்ட ரவை திரும்பக் குழலுக்குள் போகாது.

மச்சான் இன்னும் .45ஐ விடவில்லை. மாதத்தில் ஒருதரமாவது ரேஞ்சுக்குப் போய் ஒரு பெட்டி முடித்துவிட்டு வருவார். அவருக்கு அது சரி. பெட்டியை வாங்கி அலுமாரிக்குள் பூட்டி வைக்கிறவருக்கு ஒன்பதும் ஒன்றுதான், நாற்பத்தைந்தும் ஒன்றுதான் என்று தம்பியின் மகனுக்குச் சொன்னேன். இப்போது அவன் 10 எம்.எம். எப்படி என்று கேட்கிறான்.